தூண்டிலோடு மூன்று நாள்: கண்மாய்க்கரைக்கு முதல்முறை கிளம்புபவர்களுக்கு

கனடாக்காரர்கள் ஒல்லியான கனூ படகில் மூட்டை முடிச்சுகளை ஏற்றிக்கொண்டு, ஏரி விட்டு ஏரி துடுப்புப் போட்டுப் போய், கரையில் கூடாரம் அடித்து மீன் சுட்டுத் தின்னும் காணொளியைப் பார்த்துவிட்டு, எங்கள் கூட்டத்தில் ஒருவன் ஆரம்பித்துவைத்தான்: "நாமும் இப்படி ஒரு தடவை போனால் என்ன மாப்பிள்ளை?" அதன் பிறகு ஆறு வருடமாக, தைப்பொங்கல் கழிந்ததும் மூன்று நாள் கிளம்பிவிடுகிறோம். கனூ இன்றுவரை கிடைக்கவில்லை. மதுரையைச் சுற்றி நமக்கு வாய்த்தவை கண்மாய் என்கிற பாசன ஏரியும் கால்வாயும் வைகையும்தான். மூன்று நாளுக்கு அவை தாராளம்.

கனடாவுக்கும் மதுரைக்கும் உள்ள பெரிய வித்தியாசம் படகில் இல்லை. அங்கே மனித வாடையே இல்லாத ஏரியைத் தேடிப் போகிறார்கள். இங்கே ஆளில்லாத தண்ணீர் என்று ஒன்று கிடையாது. ஒவ்வொரு கண்மாய்க்கும் பாசனக்காரர்கள் உண்டு, மீன்பாசி ஏலம், அதாவது மீன் பிடிக்கும் உரிமையை ஏலத்தில் எடுத்தவர் உண்டு, கரைமேல் அய்யனாரும் உண்டு. இதை மனதில் வைத்துத் திட்டம் போட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. நாங்கள் முதல் வருடம் இது தெரியாமல் போய் வாங்கிக் கட்டிக்கொண்டோம்.

எப்போது கிளம்புவது

இங்கே தண்ணீருக்கு இரண்டு ஊற்று. ஒன்று ஐப்பசி, கார்த்திகை அடைமழை. இன்னொன்று, 1895இல் பென்னிகுவிக் கட்டி முடித்த முல்லைப்பெரியாறு அணையிலிருந்து சுரங்கம் வழியாக மலையைத் தாண்டி வந்து வைகை அணையில் சேரும் நீர். வைகையிலிருந்து திறந்துவிடும் தண்ணீரைப் பேரணை என்ற இடத்தில் மறித்துப் பெரியாறு பிரதானக் கால்வாயில் திருப்புகிறார்கள். கள்ளந்திரி வரை இருபோகம், அதாவது வருடத்துக்கு இரண்டு விளைச்சல். அதைத் தாண்டி மேலூர்ப் பக்கமும், தெற்கே திருமங்கலம் பக்கமும் ஒருபோகம். இருபோகத்துக்கு ஜூன் மாதம், ஒருபோகத்துக்குச் செப்டம்பர் என்பது வழக்கமான கணக்கு. அணையில் நீர் இருக்கிறதைப் பொறுத்து முன்னே பின்னே போகும். செய்தித்தாளில் வைகை அணை நீர்மட்டத்தைத் தினமும் போடுகிறார்கள். போகிற கண்மாய் எந்தத் தண்ணீரில் நிறைகிறது என்று தெரிந்துகொண்டு அந்தக் கட்டத்தைப் பார்க்கப் பழகுங்கள்.

கண்மாய் நிறைந்து ததும்பும் கார்த்திகையில் தூண்டில்காரனுக்கு வேலை இல்லை. மீன் பரப்பெங்கும் சிதறிக் கிடக்கும், கலங்கலில் இரை தெரியாது, கரையும் சேறு. மழைக்காலம் மீன் சினை வைக்கும் காலம் என்பதால் நான் அப்போது போவதே இல்லை. தை பிறந்து, நீர் தெளிந்து, பாசனத்துக்கு மடை திறந்து, கண்மாய் மெல்லச் சுருங்கத் தொடங்கும்போது மீனும் நெருங்கி வருகிறது. தை நடுவிலிருந்து பங்குனி உத்திரம் வரை நல்ல காலம். அதன் பிறகு வெயிலில் உட்கார முடியாது. அதோடு ஊர் ஊராக மீன்பிடித் திருவிழாவும் தொடங்கிவிடும். ஊர்ப் பெரியவர்கள் வெள்ளைத் துண்டை வீசியதும் ஊத்தாக் கூண்டு, கச்சா வலை, கூடையோடு ஊரே உள்ளே இறங்கும். அந்தத் திருவிழா நெருங்கும் கண்மாயில் போய்த் தூண்டில் போடுவது, பந்தி தொடங்கும் முன்பே அடுக்களையில் புகுந்து பாயசம் குடிப்பது போல. போகாதீர்கள்.

யாரைக் கேட்பது

இந்தப் பகுதியை மட்டும் தாண்டிப் போகாமல் படியுங்கள்.

முதல் வருடம் மேலூருக்கு அப்பால் ஒரு கண்மாய். ஐந்து பேர், ஏழு தூண்டில். அரை மணி நேரத்தில் இரண்டு ஜிலேபி மீன் (திலாப்பியா). மூன்றாவது கடிக்கும்போது கரைமேல் டி.வி.எஸ். 50 வந்து நின்றது. காவல்காரர் இறங்கவில்லை. வண்டியில் இருந்தபடியே கேட்டார்: "தம்பிகளா, யாரைக் கேட்டு முள்ளைப் போட்டீர்கள்?"

"தூண்டில்தானே அண்ணே, வலை இல்லையே" என்றேன் நான், பெரிய வக்கீல் மாதிரி.

"என் நெல்லைப் படியால் அள்ளினாலும் கையால் அள்ளினாலும் அது என் நெல்தான்" என்றார்.

எங்களால் மறுபேச்சுப் பேச முடியவில்லை. உண்மையும் அதுதான். 100 ஏக்கருக்கு மேல் பாசனம் உள்ள கண்மாய்கள் நீர்வளத் துறையின் பொறுப்பில் இருக்கின்றன. அதற்குச் சிறியவை ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பில். எதுவானாலும் மீன் பிடிக்கும் உரிமையைப் பெரும்பாலும் ஏலத்தில் விட்டுவிடுகிறார்கள். ஏலம் எடுத்தவர் கைக்காசு போட்டுக் குஞ்சு வாங்கி விட்டு, தீவனமும் காவலும் போட்டு வளர்க்கிறார். நாம் ஜாலியாகப் பிடிக்கும் ஒவ்வொரு கெண்டையும் அவருடைய முதலீடு.

ஆகவே, கிளம்புவதற்குப் பத்து நாள் முன்பே ஒருவர் மட்டும் வண்டியை எடுத்துக்கொண்டு அந்த ஊருக்குப் போக வேண்டும். கூட்டமாகப் போகக் கூடாது, கூட்டத்தைப் பார்த்தாலே இல்லை என்று சொல்லத் தோன்றும். டீக்கடையில் உட்கார்ந்து, "இந்தக் கண்மாய் மீன்பாசி யார் எடுத்திருக்கிறார்கள்?" என்று கேட்டால் ஐந்து நிமிடத்தில் ஆள் தெரிந்துவிடும். டீக்கடையில் தெரியவில்லை என்றால் கிராம நிர்வாக அலுவலகம். ஆளைப் பார்த்ததும் நான்கு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லுங்கள்: எத்தனை பேர், எத்தனை நாள், தூண்டில் மட்டும்தான், பிடிக்கும் மீனுக்கு எடை போட்டுக் காசு கொடுத்துவிடுவோம். கடைசி விஷயத்தைச் சொன்ன பிறகு மறுத்தவர்களை நான் குறைவாகத்தான் பார்த்திருக்கிறேன். மறுத்தால் வற்புறுத்தாமல் அடுத்த ஊருக்குப் போங்கள். சம்மதித்தால், ராத்திரி எங்கே தங்கலாம் என்பதையும் அவரிடமே கேளுங்கள். பம்புசெட் இருக்கும் தோப்பு ஒன்றை அவரே கைகாட்டுவார்.

கேட்டாலும் கிடைக்காத, கேட்கவும் கூடாத இடங்களும் உண்டு. மேகமலை, வருசநாட்டு மலைப்பக்கம் 2021இலிருந்து புலிகள் காப்பகம். அங்கே ஓடையில் தூண்டில் போடுவதும் கூடாரம் அடிப்பதும் வனத்துறை வழக்கில்தான் முடியும். அரிட்டாபட்டி 2022இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அங்கே நடந்து பாருங்கள், தூண்டில் வீட்டில் இருக்கட்டும். வேட்டங்குடி மாதிரிப் பறவைகள் வந்து தங்கும் கண்மாய்களில் அங்கே வரும் கூழைக்கடாவுக்கும் நாரைக்கும்தான் மீன். கோயில் தெப்பக்குளங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

மூன்று நாளை எப்படிப் பிரிப்பது

புதியவர்கள் செய்யும் தவறு, மூன்று நாளில் ஐந்து நீர்நிலைகளைப் பார்த்துவிட நினைப்பது. தூண்டிலுக்கு ஓரிடத்தில் உட்கார வேண்டும். எங்கள் கணக்கு இதுதான்: வெள்ளிக்கிழமை மதியம் கிளம்பி, சோழவந்தான் பக்கம் தோப்பில் தங்கல். மாலை கொஞ்ச நேரம் தூண்டில், மீன் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் சோறு. சனிக்கிழமை முழுக்க அதே கண்மாய்தான், விடியலிலும் மாலையிலும் தூண்டில், நடுவில் தூக்கம். ஞாயிறு காலை குருவித்துறை, அணைப்பட்டி வழியாக மேற்கே போய் வைகை அணையைப் பார்த்து, அங்கே பொரித்த மீன் சாப்பிட்டு, ஆண்டிபட்டி, உசிலம்பட்டி வழியாக வீடு. வண்டி இல்லாதவர்கள் மதுரையிலிருந்து தேனி, போடி போகும் ரயிலில் ஆண்டிபட்டியில் இறங்கலாம், ஆரப்பாளையத்திலிருந்து பஸ்ஸும் இருக்கிறது.

வைகை அணையை மூன்றாம் நாளுக்கு வைத்ததற்குக் காரணம் உண்டு. அது வேடிக்கை பார்க்கும் இடம். 1959இல் திறந்த அணை, நீர் தேக்கும் முழு உயரம் 71 அடி. நீர்த்தேக்கத்தில் பரிசல்காரர்கள் வலை விரிப்பதைப் பார்த்தால் நமக்கும் கை அரிக்கும். ஆனால் அங்கே மீன்பிடி அவர்கள் தொழில். துறையின் அனுமதி இல்லாமல், "ஒரு சுற்றுக் கூட்டிப் போங்கள் அண்ணே" என்று காசை நீட்டி அவர்களைச் சங்கடத்தில் மாட்டிவிடாதீர்கள்.

முறையான அனுமதியோடு, உயிர்காப்புச் சட்டையோடு எங்காவது பரிசல் ஏறும் வாய்ப்புக் கிடைத்தால் ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். பரிசலுக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை, அது வட்டம். விளிம்பில் கால் வைத்தால் கவிழும். நடுவில் கால் வைத்து ஏறி உடனே உட்கார்ந்துவிட வேண்டும், எடையை எதிரெதிராகப் பகிர்ந்து உட்கார வேண்டும். படம் எடுக்க எழுந்து நிற்பவனை முதலிலேயே கரையில் விட்டுவிடுவது நல்லது. லாரி டியூபிலும் தெர்மோகோல் பலகையிலும் மிதந்து போய் வலை கட்டும் உள்ளூர் ஆட்களைப் பார்ப்பீர்கள். அவர்கள் பிறந்ததிலிருந்து அந்தத் தண்ணீரில் கிடக்கிறவர்கள். நீங்கள் முயல வேண்டாம்.

கூட்டமும் பையும்

நான்கு பேருக்குக் குறையாமல், ஆறு பேருக்கு மேல் போகாமல். இரண்டு பேருக்காவது நன்றாக நீச்சல் தெரிந்திருக்க வேண்டும். பொதுப்பணத்தை ஒருவரிடம் கொடுத்துவிட்டு அவரிடம் கணக்குக் கேட்காதீர்கள். குடிக்கிற நண்பரைக் கூப்பிடாதீர்கள். நட்பு முறிந்தாலும் பரவாயில்லை, கண்மாய்க்கரையும் குடியும் சேர்ந்த இடத்திலிருந்து வந்த செய்திகளை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம்.

குடிநீர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர். ஐந்து பேர், மூன்று நாள் என்றால் 60 லிட்டர், அதாவது 20 லிட்டர் கேன் மூன்று. பாத்திரம் கழுவப் பம்புசெட் நீர் போதும். கொசுவலை கட்டாயம். தரையில் படுக்காதீர்கள், மடக்குக் கட்டிலோ கயிற்றுக் கட்டிலோ வேண்டும். ராத்திரியில் கட்டுவிரியன் சத்தமில்லாமல் படுக்கைக்கு வரும், கடித்தாலும் பல நேரம் வலி தெரியாது. விரியன் என்ற சந்தேகம் வந்தாலே 108தான். கீறுவது, கட்டுவது, மந்திரிப்பது எதுவும் வேண்டாம். கிழக்கே இருந்தால் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை, ஆண்டிபட்டிப் பக்கம் இருந்தால் க.விலக்கில் இருக்கும் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. இந்த இரண்டையும் கிளம்பும் முன்பே எல்லோர் கைபேசியிலும் குறித்து வையுங்கள்.

தூண்டில் சாமான்களுக்குப் பெரிய செலவு வேண்டியதில்லை. புதியவருக்கு 10 அடி மூங்கில் கம்பு, அதே நீளத்துக்குத் தங்கூசி (நைலான்) நரம்பு, தக்கை, சிறிய ஈயக்குண்டு, இரண்டு அளவில் முள். சுழல்சக்கரம் வைத்த கம்பை வாங்கிவந்த நண்பர் முதல் நாள் முழுக்க நரம்புச் சிக்கலைத்தான் எடுத்தார். முள் மட்டும் நிறைய வாங்குங்கள், கருவேல வேரில் மாட்டி அறுந்துகொண்டே இருக்கும்.

இரையும் தக்கையும்

மண்புழுவுக்குப் பம்புசெட் வாய்க்கால் ஓரத்தை மண்வெட்டியால் இரண்டு புரட்டுப் புரட்டினால் போதும். பிடித்த புழுவை அதே ஈரமண்ணோடு தேங்காய்ச் சிரட்டையில் வைத்து நிழலில் வையுங்கள். மாவு இரைக்கு, கோதுமை மாவோடு கடலைப் புண்ணாக்கைப் பொடித்துப் போட்டு, கைப்பிடி பழைய சோற்றையும் சேர்த்து, சப்பாத்தி மாவைவிடக் கெட்டியாகப் பிசைய வேண்டும். ஓர் உருண்டையை டம்ளர் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். பத்து நிமிடம் கரையாமல் கிடந்தால் பக்குவம் சரி.

ஆழம் பார்க்காமல் தக்கை கட்டுபவர் மீனுக்குப் பதிலாகத் தவளையோடு உட்கார்ந்திருப்பார். கொஞ்சம் கனமான ஈயத்தை முள்ளில் மாட்டி நீரில் விடுங்கள். தக்கை மூழ்கினால் அதை மேலே ஏற்றுங்கள், படுத்துக்கொண்டால் கீழே இறக்குங்கள். நுனி மட்டும் நீருக்கு மேல் நிமிர்ந்து நிற்கும் இடம்தான் தரை. அதிலிருந்து நான்கு விரல் குறைத்துக் கட்டினால் இரை தரையைத் தொட்டும் தொடாமலும் தொங்கும்.

பிறகு தக்கையைப் படிக்கக் கற்க வேண்டும். எனக்கு இரண்டு வருடம் பிடித்தது. கொத்திக் கொத்தித் துள்ளினால் ஜிலேபி. 1952இல் இந்தியாவுக்குள் வந்து, இப்போது எந்தக் குட்டையைக் கலக்கினாலும் முதலில் எட்டிப் பார்க்கும் மீன் அது. அவசரப்பட்டு இழுத்தால் வெறும் முள் வரும். மூன்றாவது கொத்தில் சுண்டுங்கள். தக்கை மெல்ல ஒரு பக்கம் நகர்ந்து, கொஞ்சம் நின்று, யோசித்துவிட்டு அப்படியே இறங்கினால் கெண்டை வகை. நேராக ஒரே இழுப்பில் காணாமல் போனால் கெளுத்தி. விராலுக்கு இந்த இலக்கணம் எதுவும் கிடையாது. ஆகாயத் தாமரை ஓரத்தில் 'பொளக்' என்று மூச்சு வாங்க மேலே வரும் சத்தத்தை வைத்து இடம் பார்த்து, சிறு மீனையோ தவளையையோ இரையாக விட வேண்டும். தண்ணீர் மட்டத்தில் செம்பழுப்பாகக் குஞ்சுக் கூட்டம் கொதிப்பது போல் தெரிந்தால் அந்த இடத்தை விட்டு விலகுங்கள். கீழே காவலுக்கு நிற்கும் விராலைப் பிடித்தால் அத்தனை குஞ்சும் அடுத்த மீனுக்கு இரை. மதுரைக்காரர் என்றால் அயிரைக்கு ஆசை வரும். அது தூண்டிலுக்கு வராத மீன், சந்தையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கெளுத்தியைக் கழற்றும்போதுதான் கவனம். எங்களில் ஒருவன், சமையல்காரன் என்று பெயர் எடுத்தவன், ஒரு சாண் கெளுத்தியை ஜிலேபி மாதிரி நினைத்து முழுக்கையால் அமுக்கிப் பிடித்தான். மீன் ஒரு உதறு உதறியது. கன்னப்பக்கத்து முள் கட்டைவிரலுக்கு அடியில் இறங்கியது. ரத்தம் இரண்டு சொட்டுத்தான். ஆனால் ஐந்து நிமிடத்தில் அவன் முகம் வெளுத்து, கையை உதறிக்கொண்டு கரையில் குதித்தான். அந்த முள்ளில் விஷம் உண்டு, அது சூட்டில் சிதையும். டீ போட வைத்திருந்த வெந்நீரை, முதலில் நல்ல கையால் சூடு பொறுக்கிறதா என்று பார்த்துவிட்டு, பாத்திரத்தில் ஊற்றிக் கையை அமுக்கி வைக்கச் சொன்னோம். ஆற ஆற மாற்றினோம். முக்கால் மணி நேரத்தில் பேச்சு வந்தது. முதலில் பேசிய பேச்சு அந்த மீனைக் குழம்பில் போடச் சொன்னது. அப்படியும் மறுநாள் ஊசி போட்டுக்கொண்டான், நீங்களும் போட்டுக்கொள்ளுங்கள். கெளுத்தியைப் பிடிக்கத் தலைக்குப் பின்னால் மேலிருந்து, இரு பக்க முள்ளுக்கும் பின்னே விரலைக் கொடுத்து, ஈரத் துணியோடு பிடிக்க வேண்டும்.

வெடி போடுவதும் நஞ்சு கலப்பதும் 1897ஆம் ஆண்டு மீன்வளச் சட்டத்திலிருந்தே குற்றம். பாட்டரியில் கம்பி மாட்டி மின்சாரம் பாய்ச்சும் கும்பலைக் கண்டால் சண்டைக்குப் போகாமல் ஏலக்காரருக்குத் தகவல் சொல்லுங்கள்.

தண்ணீருக்குள் இறங்காதீர்கள்

கண்மாய் பார்க்கச் சாது. உள்வாயில் வண்டல் அள்ளிய குழிகள் எங்கே இருக்கின்றன என்று நீர் நிறைந்த பிறகு யாருக்கும் தெரியாது. முழங்கால் தண்ணீரில் நடந்துகொண்டே போய் அடுத்த எட்டில் இரண்டு ஆள் ஆழத்தில் விழலாம். மடை திறந்திருக்கும்போது அதன் பக்கத்தில் இறங்கவே கூடாது, உறிஞ்சும் வேகம் மேலே தெரியாது. குளிக்க வேண்டுமா, பம்புசெட் இருக்கிறது.

ஆற்றுக்கு வேறு புத்தி. மூன்றாவது வருடம் வைகை மணலில் படுத்தோம். வெள்ளை மணல், நிலா, பக்கத்தில் ஒரு சாலை அகலத்துக்குக் கணுக்கால் நீர். இதைவிட நல்ல இடம் உண்டா என்று எல்லோரும் மெச்சிக்கொண்டோம். விடியற்காலை மூன்று மணிக்கு முதுகு ஈரமாகி விழித்தேன். வெள்ளம் என்றால் இரைச்சலோடு வரும் என்று நினைத்திருந்தேன். சத்தமே இல்லை. மணலுக்கு அடியில் ஊறி, பாயை நனைத்து, அடுப்புக் கற்களை மூடி, எங்கள் செருப்புகளில் நான்கைத் தூக்கிக்கொண்டு அமைதியாகப் போய்க்கொண்டிருந்தது. மேலே தண்ணீர் திறந்திருந்தார்கள். அறிவிப்பும் முந்தின நாளே செய்தித்தாளில் வந்திருந்தது, அந்தத் தாளில்தான் நாங்கள் புளியோதரை மடித்துக் கொண்டுபோயிருந்தோம்.

வைகை அணையில் 66 அடிக்கு முதல் வெள்ள எச்சரிக்கை, 68.5 அடிக்கு இரண்டாவது, 69 அடிக்கு மூன்றாவது. எச்சரிக்கை இல்லாத நாளிலும் பாசனத்துக்கு, குடிநீருக்கு, சித்திரையில் அழகர் இறங்குவதற்கு என்று திறப்பார்கள். வானத்தில் ஒரு மேகம் இல்லாமலே ஆற்றில் நீர் வரும். படுக்கை எப்போதும் கரைக்கு மேலே.

சட்டிக்குப் போகும் முன்

ஜிலேபியின் வயிற்றுக்குள் கறுப்பாக ஒட்டியிருக்கும் சவ்வை உரித்து எடுக்காவிட்டால் குழம்பு சேற்று வாடை அடிக்கும். விரால் வழுக்கும், அடுப்புச் சாம்பலைப் பூசிக் கல்லில் தேய்த்தால் கைக்கு அடங்கும். புளி, மல்லித்தூள், மிளகாய்த்தூள், சின்ன வெங்காயம், பூண்டு, நல்லெண்ணெய், கல்லுப்பு இவற்றை வீட்டிலேயே அளந்து பொட்டலம் கட்டிக்கொள்ளுங்கள். மீன் கிடைக்காத நாளுக்குக் கருவாடு ஒரு பொட்டலம். இரண்டு முறை அது எங்கள் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறது. விறகும் இடமும் தோப்புக்காரருடையவை என்பதால், அடுப்பை அவர் காட்டும் இடத்தில் மூட்டி, போகும்போது தண்ணீர் ஊற்றி அணையுங்கள்.

கிளம்பும் காலையில் ஒருவர் கரை முழுக்க நடந்து அறுந்த நரம்புத் துண்டுகளைப் பொறுக்க வேண்டும். ஒரு முழம் நரம்பு போதும், கொக்கின் கால் சிக்கிக்கொள்ள. பிறகு மீனை எடை போட்டு ஏலக்காரருக்குக் காசு. அவர் "இருக்கட்டும் தம்பி" என்பார். இருக்கட்டும் என்று விட்டுவிடாமல் கையில் கொடுத்துவிடுங்கள்.

வீட்டுக்குக் கொண்டுபோகும் மீனைக் குடல் எடுத்து, ஐஸ் போட்டு, மூடி இறுக்கமான பிளாஸ்டிக் வாளியில் வையுங்கள். பையில் வைத்தால் உசிலம்பட்டி தாண்டும் முன்பே ஒழுகத் தொடங்கும். அப்புறம் மதுரை வரை நடத்துநர் உங்களைத்தான் பார்த்துக்கொண்டு வருவார்.